ஒரு நாள் வெயிலும் மூன்று முறை பெண் பார்த்ததும்

பயம் வந்தால் சிலருக்கு வாயடைத்துப் போகும். எனக்கு மடை திறந்துவிடும். தொண்ணூறுகளில் ஒரு கத்திரி வெயிலில், ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். "அங்கே வந்து வாயைத் திறந்தே, அவ்வளவுதான்" என்று அம்மா பஸ்ஸிலேயே எச்சரித்திருந்தாள். ஏற்கெனவே மூன்று வீடுகளில் பேசியே காரியத்தைக் கெடுத்தவன் நான். (முப்பத்திரண்டு வயது வேறு.)

மாலதி காபி கொண்டுவந்தாள். தலையைக் குனியாமல் நேராகப் பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. கூடவே, இந்த இடமும் தட்டிப்போனால் என்ற பயமும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. புது டெரிகாட்டன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது?" என்றார் அவள் அப்பா.

பயத்தில் வேர்க்கிறது என்று சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் படித்ததை எடுத்துவிட்டேன். "குளோபல் வார்மிங் சார்! உலகமே சூடாகுது. இன்னிக்கு அடிக்கிற வெயிலே அதுக்கு சாட்சி. இன்னும் கொஞ்ச வருஷத்துல கோவளம் கடல் உங்க வாசல்ல வந்து நிக்கும்!"

அவர் முகம் வெளுத்தது. (அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம்.) அம்மா என் காலை மிதித்தாள். நான் நிறுத்தினால்தானே?

கடல் வரவில்லை, மழை வந்தது. இடி, காற்று, ஆலங்கட்டி. பத்தே நிமிஷத்தில் வீடு குளுகுளுவென்று ஆகிவிட்டது.

"அப்பாடா, உலகம் சரியாயிடுச்சு போலிருக்கே தம்பி" என்றார் அவர்.

அதுவரை பேசாமல் இருந்த மாலதி வாயைத் திறந்தாள். அவள் பூகோள டீச்சர். "உலகம் சூடாகலைன்னு நான் சொல்லலைங்க. ஆனா ஒரு நாள் வெயில் அதுக்கு சாட்சி ஆகாது. ஒரு மழை வந்ததால அது பொய்யும் ஆகாது. பல ஊரு, பல வருஷம் பார்க்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒரு நாள் வெயிலை வச்சு உலகத்தையே முடிவு பண்றவர், ஒரு டம்ளர் காபியை வச்சு என்னையும் முடிவு பண்ணிடுவீங்களோ?"

"போய் லெட்டர் போடறோம்" என்று அம்மா எழுந்துவிட்டாள். (அப்படியென்றால் போடமாட்டோம் என்று அர்த்தம்.) எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே உளறினேன்.

"அப்போ... ஐப்பசி மழைக்கு ஒரு தடவை, மார்கழிப் பனிக்கு ஒரு தடவை வந்து பார்க்கட்டுங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். "வாங்க" என்றாள்.

போனேன். இரண்டு முறையும் வேர்த்துக் கொட்டியது.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். வந்து உட்கார்ந்த அரைமணியில், "எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்றாள் அவன் அம்மா. மாலதி அவனுக்குக் காபியை நீட்டியபடி நிதானமாகக் கேட்டாள்:

"அடுத்தது எப்போ வர்றீங்க தம்பி, மழைக்கா, பனிக்கா?"