சீமோன் சித்தப்பாவின் செத்தவீடு

சித்தப்பாவைச் சாகடிக்கும் எண்ணம் சச்சிதானந்தனுக்குக் கொஞ்சமும் இருக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லி ஒரு நாள் லீவு எடுப்பதுதான் திட்டம். ஆனால் மெத்தைத் தொழிற்சாலையில் போனை எடுத்தவர் சுப்பர்வைசர் மாமாங்கம்.

"காய்ச்சலா தம்பி? அப்ப நாளைக்கு வரக்குள்ள டொக்டரிட்ட துண்டு வாங்கிட்டு வாங்க."

இல்லாத காய்ச்சலுக்கு எந்த டொக்டர் துண்டுச் சீட்டு எழுதித் தருவார்? சச்சியின் வாய் சச்சியைக் கேட்காமலே பேசியது.

"காய்ச்சல் வந்ததே அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் அண்ணை. ஊரில சித்தப்பா மோசம் போயிட்டார்."

"ஐயோ!" என்றார் மாமாங்கம். மட்டக்களப்பு மனிதர், இளகிய மனம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சச்சி போனை வைத்துவிட்டுத் திரும்பினான். மனைவி சந்திரவதனா கையில் அகப்பையோடு நின்றாள்.

"உங்கட அப்பா தனிப்பிள்ளையெல்லோ? சித்தப்பா எங்கயிருந்து வந்தவர்?"

"அதுதானே வசதி. ஒருத்தருக்கும் சேதமில்லை."

"உந்த நாயோட்டத்துக்காக ஆளைச் சாக்காட்டுற அளவுக்கு வந்தாச்சு!"

ரொறன்ரோவின் மல்வேர்னில் மற்றத் தமிழர்கள் கிரிக்கெட் பார்த்தார்கள், இரண்டு மூன்று பேர் ஹொக்கியும் பார்த்தார்கள். சச்சிக்குப் பிடித்தது நாயோட்டம். கனடாவின் வடக்கு மூலையில், பெப்ரவரிப் பனியில், நாய்களைச் சறுக்கு வண்டியில் பூட்டிக்கொண்டு ஆயிரம் மைல் ஓடுவார்கள். இடையிடையே இளைப்பாறப் போன் வைத்த தங்குமடங்கள் இருக்கும். அதில் அவனுடைய ஆள் சீமோன். அறுபத்தொரு வயது, நெஞ்சு வரை தாடி. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பாதி வழியில் விட்டுவிட்டுப் போன மனிதர். இந்த வருடம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார், எல்லோருக்கும் கடைசியாக.

ஓட்டம் முடிகிற இடத்தில் ஒரு விளக்கைக் கொளுத்தித் தொங்கவிடுவார்களாம். கடைசி வண்டி வந்து சேரும்வரை அதை அணைப்பதில்லை. ஆனால் அதற்கும் ஒரு கெடு இருந்தது. இன்றைக்கு, ரொறன்ரோ நேரப்படி பின்னேரம் மூன்று மணி. அதற்குள் சீமோன் வராவிட்டால் ஓட்டம் முடிந்தது என்று அணைத்துவிடுவார்கள்.

"வெல்லுறவனை விட்டிட்டு உந்தக் கிழவனைப் பிடிச்சுக்கொண்டு தொங்குறியளே, ஏன்?" என்று வதனா ஆயிரம் தரம் கேட்டிருப்பாள். சச்சி ஒரு நாள்தான் பதில் சொன்னான். கொழும்பிலிருந்து அவனோடு சேர்ந்து வெளிக்கிட்டவர்கள் ஆறு பேர். அவர்கள் ஒரு மாதத்தில் கனடா வந்துவிட்டார்கள். சச்சி மட்டும் மொஸ்கோவில் மாட்டுப்பட்டு, பதினொரு மாதம் கழித்துத்தான் வந்தான். எயார்போட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போக ஒருவருமில்லை. இனி இவன் வரமாட்டான் என்று விட்டுவிட்டார்களாம். "கடைசியா வாறவனுக்கும் ஆராவது பாத்துக்கொண்டு நிக்கவேணும் வதனா" என்றான்.

ஆகவே சச்சி வீட்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. பேப்பரில் வந்த சீமோனின் படத்தை வெட்டி, பிரேம் போட்டு, ஹோலில் வைத்து, அதற்கு முன்னால் குத்துவிளக்கை ஏற்றியிருந்தான்.

"உயிரோட இருக்கிற மனிசன்ர படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தாதேங்கோ, சொல்லிப்போட்டன்" என்றாள் வதனா. அவள் பேச்சை யார் கேட்டது?

பதினொன்றரைக்குச் சச்சி ஓட்டத்தை நடத்துகிறவர்களின் கந்தோருக்குப் போன் எடுத்தான். சீமோனுக்கு இன்னும் இருபத்தைந்து மைல் கிடந்தது. "வந்தவுடனே நாங்களே கூப்பிடுறம்" என்றாள் அங்கேயிருந்த பெண்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் மாமாங்கம். பின்னால் தொழிற்சாலை ஆட்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு சாப்பாட்டுப் பார்சலோடு.

"செத்தவீட்டுல அடுப்பு மூட்டப்படாது தம்பி. லஞ்ச் பிரேக்கில ஓடி வந்தம்."

அடுப்பில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வதனா சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, குளிக்கும் தொட்டிக்குள் வைத்து, திரையையும் இழுத்துவிட்டு வந்தாள்.

வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். விளக்கைப் பார்த்தார்கள். மாமாங்கத்தின் கண் கலங்கியது.

"இவர்தானா?"

சச்சி தலையாட்டினான். வேறு என்ன செய்வான்?

"நல்ல நிறம், என்ன?"

"ஓம் அண்ணை. எங்கட பரம்பரையில ஒண்டு ரெண்டு பேர் அப்பிடி."

"யாழ்ப்பாணத்து வெயிலுக்க என்னத்துக்குக் கம்பளித் தொப்பி?"

"நுவரெலியாவில வேலை."

"தாடியில ஐஸ் பிடிச்ச மாதிரிக் கிடக்கே?"

"நுவரெலியாவில பயங்கரக் குளிர் அண்ணை!"

"பேர் என்ன?"

சச்சிக்குக் கற்பனை வற்றிவிட்டது. "சீமோன்" என்றான்.

"நீங்க சைவமெல்லா?"

"அங்க போய்க் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டார்."

மாமாங்கம் எதையும் அரைகுறையாக விடுகிறவர் இல்லை. உடனே ஒரு ஆளைக் கீழ்மாடியில் இருந்த வேதக்கார வீட்டுக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் வேரோனிக்கா அன்ரி நான்கு பெண்களோடும் செபமாலைகளோடும் ஏறி வந்தார்.

"சீமோன் எண்டு பேர் வைச்ச மனிசனைச் செபமாலை சொல்லாமல் அனுப்புறதோ? நல்லாயிருக்கு கதை!" என்று அதட்டிவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

செபம் தொடங்கியது. தொழிற்சாலை ஆட்கள் கைகட்டி நின்றார்கள். ஒரு மணியாகி, ஒன்றே முக்காலும் ஆயிற்று. லஞ்ச் பிரேக் எப்போதோ முடிந்துவிட்டது. "மெத்தையை நாளைக்கும் தைக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாமாங்கம் போனை நோக்கிக் கையை நீட்டினார்.

"தமிழ் ரேடியோவுக்கு மரண அறிவித்தல் குடுத்திடுவம் தம்பி."

"போனைத் தொடாதேங்கோ!"

சச்சி கத்திய கத்தலில் செபமே ஒரு கணம் நின்றது.

"ஊரிலயிருந்து கோல் வரும் அண்ணை... அதுதான்..."

"அப்ப நானே பக்கத்தில இருந்து எடுக்கிறன். நீங்க ஒண்டுக்கும் யோசியாம அழுங்க." மாமாங்கம் போனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டரையும் ஆயிற்று. போன் வாயைத் திறக்கவில்லை. இரண்டே முக்காலுக்குச் சச்சிக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்த மனிதன், இன்னும் கொஞ்சத் தூரம் வரக்கூடாதா! அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

"அழட்டும், விடுங்கோ. அழுதாத்தான் ஆறும்" என்றார் வேரோனிக்கா அன்ரி.

வதனா போய் விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. சச்சி பாய்வதற்குள் மாமாங்கம் எடுத்துவிட்டார். இங்கிலிசில் பேசினார்.

"ஹலோ... ஓம், சச்சி வீடுதான்... சீமோனா?" குரல் தழுதழுத்தது. "மன்னிக்கவேணும் மெடம். சீமோன் செத்துப்போனார்."

சச்சி தலையில் கைவைத்தான். "ஐயோ! ஆர் சொன்னது?"

"நான்தான் தம்பி அவவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

பிறகு மாமாங்கம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் ஒரு மாதிரிப் போயிற்று. போனைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"தம்பி, உங்கட சித்தப்பா சூப் குடிக்கிறாராம்."

"வந்திட்டார்!" சச்சி துள்ளிக் குதித்தான். "வதனா, வந்திட்டார்! என்ர ராசா வந்திட்டார்!" மாமாங்கத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினான். வேரோனிக்கா அன்ரியின் செபமாலை பாதியில் நின்றது. நாய், வண்டி, விளக்கு, மூன்று மணிக் கெடு எல்லாவற்றையும் அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

வேரோனிக்கா அன்ரி எழும்பிப் போய்ப் படத்தைக் கிட்டப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நேரமும் நாங்கள் செபம் சொன்னது நாய்வண்டிக்கோ?"

"ஓம் அன்ரி." சச்சி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆயிரம் மைலும் ஓடினவரோ?"

"முழுக்க ஓடிட்டார் அன்ரி."

"பிறகென்ன! நாங்களும் சேர்ந்தெல்லோ இழுத்தனாங்கள்!" என்று அன்ரி கையைத் தட்டினார்.

அதோடு வீடு கலியாணவீடாகிவிட்டது. ஆளுக்காள் கைகொடுத்தார்கள். குளிக்கும் தொட்டியிலிருந்து கோழிக்கறி வெளியே வந்தது, பார்சல்கள் பிரிந்தன. மாமாங்கம் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "டொக்டர் துண்டு கேட்டதுக்கு ஒரு சித்தப்பாவையே படைச்சிட்டீங்களே தம்பி. நாளைக்கு வாங்க, உங்களோட கதை இருக்கு" என்றார். ஆனால் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சச்சிக்கு அந்த நேரம் வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய ஆள் வந்து சேர்ந்திருந்தார்.

"ஐயையோ, லைனில ஆக்கள் நிக்கினம்!" என்று மாமாங்கம் போனைத் திரும்ப எடுத்தார். "தம்பி, சீமோனே கதைக்கிறார்!"

சச்சி கறிக்கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு ஓடினான். "என்னைத்தானே கேக்கிறார்? குடுங்கோ, குடுங்கோ!"

மாமாங்கம் கொடுக்கவில்லை. காதில் வைத்தபடியே நெடுநேரம் கேட்டார். பிறகு சச்சியைத் தாண்டி வதனாவைப் பார்த்தார். வதனா ஒன்றும் தெரியாதவள்போல விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களை இல்லைத் தம்பி. 'மூண்டு தங்குமடத்தில ஓட்டத்தை விட்டிட்டுப் படுக்கப் பாத்தன், மூண்டு இடத்துக்கும் அந்த வீட்டு அம்மா கோல் எடுத்து, என்ர மனிசன் உன்னைப் பாத்துக்கொண்டிருக்கேக்க உனக்கென்ன படுக்கை எண்டு ஏசிப்போட்டா, இப்ப வந்திட்டன், இனியெண்டாலும் படுக்கலாமா எண்டு அவவிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க' எண்டு சொல்றார்."