பதினாறு அண்ணன் மீட்டுக் கொடுத்த கல்யாணப் பட்டியல்

ஒன்பதுக்கு மேல் ஒழுங்காக எண்ணத் தெரியாதவரிடம் ஒரு கம்பெனியின் மொத்தக் கம்ப்யூட்டரையும் ஒப்படைத்திருந்தார்கள் என்றால், அது எண்பதுகளில் தஞ்சோங் பகாரில் நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஆபீஸாகத்தான் இருக்கும். அவருக்கு ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி, சி என்று எஃப் வரை போய்விட்டுத்தான் பதினாறு வரும். கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணுமாம். அதனால் எங்களுக்கு அவர் பதினாறு அண்ணன். தேக்கா மார்க்கெட்டில் ஒருமுறை "எட்டு, ஒன்பது, ஏ, பி" என்று வடை எண்ணி எடுத்தார். கடைக்காரர் தட்டைப் பிடுங்கி, முதலிலிருந்து தானே எண்ணிக் கொடுத்தார்.

சிங்கப்பூர் வெயிலில் குரங்குக் குல்லா போட்ட ஒரே மனிதரும் அவர்தான். கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறையின் குளிர் அப்படி. அப்போது ஆளுக்கொரு கம்ப்யூட்டர் ஏது? அந்த ஒற்றைப் பூதத்தின் வயிற்றுக்குள்ளேயே ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் தனித்தனியாக இருப்பதுபோல ஒரு பாவனை. என் பங்கு டிஸ்க்கில் நான் திருட்டுத்தனமாக வைத்திருந்தது என் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியல். அம்மா பல வருஷமாக நோட்டில் சேர்த்த பேரும் விலாசமும். டைப் அடித்து முடித்த ஜோரில் நோட்டை, வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். எங்கள் சொந்தத்தில் ஒருவரை நேரில் போய் அழைக்காமல் விட்டால், அந்த வருத்தம் பேரப்பிள்ளையின் காதுகுத்து வரை பேசப்படும்.

மறுநாள் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. எல்லோர் டிஸ்க்கும் திறந்தது, என்னுடையதைத் தவிர. வாராவாரம் காந்த நாடாவில் எடுக்கும் நகலோ நான் பட்டியலை டைப் அடிப்பதற்கு முந்தியது. பதினாறு அண்ணனிடம் ஓடினேன்.

"உள்ள என்னடா இருந்துச்சு?"

"ஆபீஸ் ஃபைல்தாண்ணே."

"ஆபீஸ் ஃபைலுக்கு ஏர்கான் ரூம்ல எதுக்குடா வேர்க்குது?"

உண்மையைக் கக்கினேன். அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "எது எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணைதான் கெட்டிருக்கு. ஆளுங்க எல்லாம் உள்ளதான் இருப்பாங்க, பயப்படாத லா" என்று சிங்கப்பூர் 'லா' போட்டுச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் ஆபீஸ் காலியானதும், டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எண்களாக அச்சடித்துத் தரையெல்லாம் பரப்பினார். ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் ஓர் எண். மண்டிபோட்டு, விரல் வைத்து, "டி4, ஈ4, ஈ3, ஈ3, ஈ4" என்று முனகி, "முத்து வந்துட்டாரு, எழுதிக்கோ" என்பார். கல்யாண மண்டப வாசலில் நின்று வரவேற்பதுபோலவே இருந்தது. உட்லண்ட்ஸ் சித்தப்பா இரண்டு துண்டாகக் கிடந்தார். பேர் ஜன்னலோரம், விலாசம் கதவருகே. ஜொகூர் பெரியம்மா யாரோ ஒருவரின் சரக்கு ரசீதுக்கு நடுவில் அகப்பட்டார். பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மா பட்டியலைச் சரிபார்த்து, ஒருத்தரும் விடுபடவில்லை என்று நிம்மதியானார். எனக்குத்தான் அப்போது சுருக்கென்றது. மேனேஜர் பேர் இருந்தது, டீ கொடுக்கும் அம்மாவின் பேர்கூட இருந்தது. கண்ணாடி அறைக்குள்ளேயே கிடக்கிற பதினாறு அண்ணனை நான் சேர்க்கவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்த மனுஷர், ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, அம்மாவுடன் அவர் வீட்டுக்குத்தான் போனேன். குல்லா இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"உங்க பேருதாண்ணே முதல்ல இருந்துச்சு. அது மட்டும் டிஸ்க்கோட போயிருச்சு" என்று கூசாமல் புளுகினேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஆமா தம்பி. அந்த ஒரு துண்டத்தான் என்னால மீட்க முடியல."

இப்போதும் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தாலும், என் கை முதலில் எழுதுவது அவர் பேரைத்தான்.