சதியண்ணனும் தக்காளித் தோட்டத்தில் விழுந்த விமானமும்

ஓசூரில் எதுவும் தானாக நடக்காது என்று நம்பியவர் சதியண்ணன். காற்று அடித்தால்கூட யார் அடிக்கச் சொன்னது என்று கேட்பார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளக் கவரில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே ஷிஃப்ட், ஒரே வாடகை அறை. அவர் கிருஷ்ணகிரிக்காரர், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. நல்ல பாகத்தையும் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு அவருக்குச் சம்பளம். வேலை முடிந்த பிறகும் அவர் அதை நிறுத்தாததுதான் தொல்லை.

கேன்டீன் உப்புமாவில் ஒருநாள் கடுகு இல்லை. தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "கடுகு இல்லன்னா ருசி இருக்காது. ருசி இல்லன்னா ரெண்டாவது தடவ கேக்க மாட்டான். பெரிய எடத்துல உக்காந்து யோசிச்சிருக்கானுங்கப்பா."

சானமாவுக் காட்டருகே யானை ஒன்று எங்கள் பஸ்ஸை மறித்தது. நாங்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். சதியண்ணன் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இது தானா வந்த யானை இல்ல, தொரத்தி விட்ட யானை" என்றார். வாயை மூடச் சொல்லி டிரைவர் தமிழில் கெஞ்சினார், பிறகு கன்னடத்தில் கெஞ்சினார், கடைசியில் தெலுங்கில் திட்டினார்.

ராயக்கோட்டையில் அவருக்குப் பார்த்த பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா கெடுத்தார், தரகர் கெடுத்தார், பக்கத்து வீட்டுக்காரர் கெடுத்தார் என்று ஒரு வருஷம் ஆராய்ந்தார். பெண்ணுக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம் என்ற ஒன்றை மட்டும் அவர் ஆராயவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் சின்ன விமானம் ஒன்று விழுந்தது. பெங்களூர்ப் பக்கத்துப் பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்த பையன் தனியாக ஓட்டி வந்திருக்கிறான். உயிர் அங்கேயே போய்விட்டது.

மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது, நசுங்கிய செடிகளுக்கு நடுவே ஒரு இறக்கை மட்டும் கிடந்தது. தோட்டக்கார அம்மா சொன்னார்: "மேகம் தலமேல எறங்கிக் கெடந்துச்சுங்க. சத்தம் மட்டும் சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்பறம் திடீர்னு விழுந்துருச்சு. சின்னப் புள்ளதாங்க, மீசகூட சரியா மொளைக்கல."

மேகத்தைச் சதியண்ணன் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கானுங்க. பையன் மேலருந்து பாக்கக் கூடாத எதையோ பாத்துட்டான்" என்றார். டீக்கடையில் இதைச் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒரு வாரத்தில் கதைக்குக் கடத்தல்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த மாதம் பையனின் அப்பா திருச்சியிலிருந்து வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரே பிள்ளை. விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரை டீக்கடைக்காரர் எங்கள் அறைக்கு அனுப்பி வைத்துவிட்டார். சதியண்ணன் சொன்னதையெல்லாம் அந்தப் பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்ப என் பிள்ளை மேல தப்பு இல்லைங்கறீங்க?"

"துளிகூட இல்லீங்கய்யா."

பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் போன பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன் என்று பின்னால் சொன்னார்.

அதிலிருந்து மாதம் தவறாமல் வந்தார். ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்தார். சதியண்ணன் லீவு போட்டுக் கூடவே அலைந்தார். ஒருநாள் இருவரும் அந்தப் பயிற்சிப் பள்ளிக்கே போனார்கள். படியேற முடியாமல் பெரியவர் கீழே உட்கார்ந்துவிட, சதியண்ணன் மட்டும் மேலே போய் ஆசிரியரிடம் நியாயம் கேட்டார்.

ஆசிரியர் சண்டை போடவில்லை, அழுதார். மேகம் தெரிந்தால் திரும்பிவிடு என்று பையனிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். தாண்டிவிடலாம் என்று பையன் நினைத்திருக்கிறான். மேகத்துக்குள் போய்விட்டால் மேல் எது கீழ் எது என்று உடம்புக்குத் தெரியாதாம். எதிரே உள்ள கருவிகளைத்தான் நம்ப வேண்டும். புதுக்கைக்கு அந்த நம்பிக்கை வருவதற்குள் தரை வந்துவிடுகிறது.

பெரியவரிடம் எதையும் சொல்லாமல் பஸ் ஏற்றிவிட்டு அறைக்குத் திரும்பிய சதியண்ணன் என்னிடம் அவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஒருத்தனும் ஒண்ணும் பண்ணலப்பா. அனுபவம் பத்தல, அவ்ளோதான்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குற்றவாளி என்று ஒருவன் இருந்திருந்தால் அவருக்குத் தேவலை போலிருந்தது.

அடுத்த தடவை பெரியவர் வந்தபோது, சதியண்ணன் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் உண்மையைச் சொன்னார். "ஐயா, நான் சொன்னதெல்லாம் என் கற்பனைங்க. சதி ஒண்ணும் கெடயாது. மேகத்துல மாட்டிக்கினான் தம்பி."

பெரியவர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "உங்களையும் மிரட்டிட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சதியண்ணனைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். செய்யச் செய்யப் பெரியவரின் சந்தேகம் உறுதியானது. ஆசிரியர் அழுததைச் சொன்னார். "அழத் தெரியாதவனை அனுப்புவாங்களா?" என்றார் பெரியவர். சதியண்ணன் பேசுவது போலவே இருந்தது.

அதன் பிறகு சதியண்ணன் யாரையும் சந்தேகப்படவில்லை. பஸ் வராவிட்டால் "பஞ்சராயிருக்கும்" என்றார். வேண்டுமென்றே நாங்கள் சீண்டிப் பார்த்தும் பலனில்லை. அறையில் பேச்சே அற்றுப்போனது. ஆனால் மனு கொடுக்கப் பெரியவரோடு போவதை மட்டும் விடவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா. போர்டு படிக்க ஆள் வேணும்" என்றார்.

கடைசியாகப் பெரியவர் வந்தது ஒரு மழைக்காலத்தில். கையில் மனு இல்லை. பஸ் ஸ்டாண்டிலேயே எங்களை வரச் சொல்லியிருந்தார். அடுத்த சேலம் பஸ்ஸில் திரும்பிப் போகிறாராம்.

"இதோட நிறுத்திடறேன் தம்பி" என்றார் சதியண்ணனிடம். "நீங்க என்கூட அலையறதை அவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா என்னால தாங்க முடியாது. ஒரு பிள்ளை போனது போதும்."

சதியண்ணன் வாயைத் திறந்தார். இல்லீங்கய்யா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெரியவரின் பையை வாங்கிக்கொண்டு, அவரை ஏற்றி, ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டு இறங்கினார்.

பஸ் போன பிறகும் சிமென்ட் பெஞ்சிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. நான் போகவில்லை. மழைச் சாரல் படாத பக்கமாக அவரை நகர்த்திவிட்டு, நனைகிற பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.