மாண்புமிகு எருமை வளர்ந்த கதை

ஒரு காட்டில் ஒரு சட்டசபை இருந்தது. இந்தக் கதையில் ஒரு சிரிப்பும் இருக்கிறது. வயிறு வலிக்கச் சிரிக்கலாம், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போது இல்லை. இன்றைய பட்டியலில் சிரிப்பு கடைசி அலுவல். அதற்கு முன்னால் யாராவது சிரித்தால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படும். உட்காருங்கள்.

அந்தச் சட்டசபைக்கு இரண்டு அவைகள். மேலவை ஆலமரத்தின் உச்சியில். உறுப்பினர்கள் எல்லாரும் ஆந்தைகள். கூட்டம் பகலில் என்பதால் கீழேயிருந்து எது போனாலும் ஒரே குறட்டையில் நிறைவேறிவிடும். அதனால் உண்மையான வேலை மரத்தடியில், கீழவையில்தான் நடந்தது. உண்மையான வேலை என்றால் மேசை தட்டுவது. முதல்வர் புலியார் அவைக்கு வருவதே இல்லை. அவருடைய நாற்காலியில் அவர் படம் இருந்தது. யார் ‘புலியார்’ என்று சொன்னாலும் மேசைகள் அதிரும்.

அங்கே புதிதாக ஜெயித்து வந்தாள் தவளை பவுனம்மா. பள்ளக்குட்டைத் தொகுதி, எந்தக் கட்சியும் இல்லை. குட்டையில் மூவாயிரம் தலைப்பிரட்டைகள், இன்னும் கால் முளைக்கவில்லை. தண்ணீர் நாலு விரல் ஆழம். மேலே மேட்டுக்குளம் தளும்பிக்கொண்டிருந்தது. மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். ஆனால் மடையைச் சேறு வைத்து அடைத்திருந்தார் நீர்வளத்துறை அமைச்சர், மாண்புமிகு எருமை மாசிலாமணி. கழுத்தளவு தண்ணீரில் படுத்தால்தான் அவருக்குக் கோப்பு பார்க்க வரும்.

முதல் நாள் கேள்வி நேரம். பவுனம்மாவின் கேள்வி பதினொன்றாவது. முதல் கேள்வி கேட்க எழுந்த முயல், கேள்விக்கு முன்னால் புலியாரின் மீசையை இருபது நிமிடம் வாழ்த்தியது. பதில் சொல்ல எழுந்த எருமை, பதிலுக்கு முன்னால் புலியாரின் வாலை நாற்பது நிமிடம் வாழ்த்தினார். மணி அடித்தது. குட்டையில் மூன்று விரல்.

இரண்டாம் நாள் பவுனம்மா அனுமதி இல்லாமலே எழுந்தாள்.

“தலைவர் அவர்களே, என் பிள்ளைங்க செத்துக்கிட்டு இருக்கு!”

“உறுப்பினர் அமர வேண்டும்,” என்றது அவைத்தலைவர் ஆமை. “அமர வேண்டும். அமரத்தான் வேண்டும். ‘செத்துக்கிட்டு’ என்ற சொல் அவைக்கு ஏற்றதல்ல. நீக்கப்படுகிறது.”

குறிப்பில் ‘என் பிள்ளைங்க இருக்கு’ என்று பதிவானது. எருமை உடனே எழுந்தார்.

“பிள்ளைங்க இருக்குன்னு உறுப்பினரே ஒத்துக்கிட்டாங்க. இதுதான் புலியார் ஆட்சியின் சாதனை!”

மேசைகள் அதிர்ந்தன. பவுனம்மா அமைச்சர் மேசைமேல் தாவினாள். அவைக் காவலர்கள் வந்து அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். ஒரு தவளைக்கு ஒரு பன்றியே அதிகம். இருந்தாலும் விதிப்படி நாலு பன்றிகள், ஆளுக்கு ஒரு கால்.

வாசலில் எதிர்க்கட்சித் தலைவர் காகம் கேன்டீன் வடையோடு நின்றிருந்தது.

“என்னண்ணே, நீங்க உள்ள இல்லையா?”

“வெளிநடப்பும்மா.”

“எதுக்கு?”

“இன்னும் பட்டியலப் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்.”

பவுனம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான் சொல்றத ஒருத்தரும் காதுல வாங்கலண்ணே.”

“அங்க யாரும்மா காதுல வாங்குறா? புலியார்னு ஆரம்பி, தட்டுவானுங்க. தட்டுற சத்தத்துல நீ அவனுங்களையே திட்டினாலும் நிறுத்த மாட்டானுங்க. நானே திட்டிப் பாத்திருக்கேன்.”

பவுனம்மா அழுகையை நிறுத்தினாள். குட்டையில் ஒரு விரல்தான்.

மூன்றாம் நாள் புலியாரின் பிறந்தநாள். பவுனம்மா ஆமையிடம் நாலு இலைகளைக் கொடுத்தாள். மேல் இலையில் ‘புலியார் பாராட்டுத் தீர்மானம்’ என்று எழுதியிருந்தது. ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. காகம் தலைப்பைக் கேட்டதும் வெளிநடப்புச் செய்தது. ஆக, எதிர்த்துப் பேச அவையில் ஆளே இல்லை.

முதல் இலையில் மீசை. மேசைகள் தட்டப்பட்டன. இரண்டாவது இலையில் உறுமல். தட்டல் நிற்கவே இல்லை. மூன்றாவதில் உடம்பின் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வாழ்த்து. சத்தம் தாங்காமல் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நாலாவது இலையைப் பவுனம்மா இருக்கிற தொண்டையெல்லாம் திறந்து, நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை வாசித்தாள். அதற்கு எருமை கொம்பாலும் சேர்த்துத் தட்டினார்.

ஓடு அதிர்ந்த அதிர்வை வைத்து உள்ளேயிருந்தே ஆமை அறிவித்தது: “ஆம் என்போரே அதிகம். ஆம் என்போரே அதிகம். நிறைவேறியது.” மேலே ஒரு குறட்டை. அங்கேயும் நிறைவேறியது. காவலர் பன்றிகள் நாலாவது இலையை வாங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தன.

இலையில் என்ன இருந்தது? அது சிரிப்போடு சேர்த்து எடுத்துக்கொள்ளப்படும். பொறுங்கள்.

எருமை மேட்டுக்குளத்துக்கு வந்து கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்றார். முதுகில் அவருடைய உதவியாளர் கொக்கு. சற்று நேரத்தில் தண்ணீர் தோளுக்கு இறங்கியது.

“யோவ் கொக்கு, நான் உசந்துட்டே போறாப்ல இருக்கே?”

“நீங்க வளர்றீங்கண்ணே.”

தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. “இன்னுமா வளர்றேன்?”

“புலியாரே உங்களப் பாத்துப் பயந்துடப் போறாருண்ணே.”

“ஏய், மெதுவாப் பேசு,” என்றார் எருமை, மகிழ்ச்சியோடு.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குளம்புக்கு வந்தது. ஒரு மீன் துள்ளி அவர் காலில் விழுந்து, அடுத்த துள்ளலில் மடை வழியாகக் கீழே போனது. கீழே பள்ளக்குட்டையில் ஒரே கும்மாளச் சத்தம். மடையில் நாலு பன்றிகள் வேலை முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தன.

“டேய்! யார் உத்தரவுடா?”

“அவை உத்தரவுங்கய்யா,” என்று ஒரு பன்றி இலையை நீட்டியது. கொக்கு வாசித்தது:

“‘மேலும், இந்நன்னாளில் மேட்டுக்குளத்து மடையை இன்றே திறக்கவும், இனி ஒருபோதும் அடைக்காதிருக்கவும் இந்த அவை ஆணையிடுகிறது.’”

“இதுக்கு எவன்டா மேசை தட்டினது?”

கொக்கு முதுகிலிருந்து எழும்பி, கொம்பு எட்டாத கிளையில் போய் உட்கார்ந்தது.

“எல்லாரும்தாண்ணே. கொம்பால தட்டினது நீங்க மட்டும்.”

“ரத்து பண்ணு! நாளைக்கே ரத்து பண்ணச் சொல்லு!”

“பண்ணலாம்ணே. புலியார் பாராட்டுத் தீர்மானத்த ரத்து பண்ணணும்னு யாராவது எழுந்து சொல்லணும். நீங்க சொல்றீங்களா?”

எருமை கொம்பை உலுக்கினார். கொம்பில் சிக்கியிருந்த மேசைச் சிராய் ஒன்று அவர் மூக்கின்மேல் விழுந்தது. வற்றிய குளத்தின் நடுவில் நின்றபடி அதைப் பார்த்தார்.

“அப்ப... நான் வளரலையா?”

சிரிப்பு இப்போது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நீதி: நியாயத்தை முதல் பக்கத்தில் எழுதாதீர்கள். மூன்று பக்கம் மீசையைப் பற்றி எழுதுங்கள். நாலாவது பக்கத்தை உங்கள் எதிரியே தட்டி நிறைவேற்றித் தருவார்.