புவனேஸ்வரி (லேட்)

வீட்டு வரிக் கணக்கைத் தன் பெயரில் தனியாகப் பிரித்துத் தரும்படி நிலவழகன் பேரூராட்சிக்கு மனு கொடுத்துப் பத்து நாள் கழித்து ரசீது வந்தது. அதில் 'புவனேஸ்வரி (லேட்)' என்று இருந்தது.

புவனேஸ்வரி அவனுடைய மனைவி. மூன்று மாதமாக முன்னாள் மனைவி. மீமிசலில் டீச்சர். அன்று காலையில்கூட வாட்ஸப்பில் மீன் குழம்பு படம் போட்டிருந்தாள்.

கோர்ட்டில் வீட்டின் முன்பாதியை அவளுக்கும் பின்பாதியை இவனுக்கும் கொடுத்திருந்தார்கள். கரண்ட் மீட்டர் முன்பாதியில் மாட்டிக்கொண்டது. தன் பெயரில் வரி ரசீது இருந்தால்தான் பின்பாதிக்குத் தனி இணைப்பு. சித்திரை வெயிலில், ஃபேன் இல்லாமல், பாவம் மனிதன் வெந்துகொண்டிருந்தான்.

அலுவலகத்துக்கு ஓடினான். கவுண்டரில் இருந்த சந்தனமேரி அவனுடைய மனுவையே எடுத்துக் காட்டினாள். விவாகரத்து என்று எழுதக் கூச்சப்பட்டு, 'என் மனைவி என்னைவிட்டுப் பிரிந்துவிட்டார்' என்று எழுதியிருந்தான். கடைவீதிச் சுவரில் மாலை போட்ட படங்களுக்குக் கீழே இருக்கிற அதே வாசகம். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மனசே சரியில்லை என்றாள் சந்தனமேரி. இனி சம்பந்தப்பட்டவர் நேரில் வந்தால்தான் திருத்த முடியுமாம்.

போனில் இதை எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"புவனா, வரிக் கணக்குல நீ எறந்துட்டியாம். ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"



"யாரு எழுதிக் குடுத்தது?"

"நாந்தான்."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சந்தனமேரி அவளுக்கு உயிர் கொடுத்தாள். உயிர் வந்ததும் கம்ப்யூட்டர் அவளைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்தது: 'நிலவழகன், மனைவி புவனேஸ்வரி.' கணக்கு மறுபடி ஒன்றாகிவிட்டது.

நிலவழகன் பதறிப்போய்த் தீர்ப்பு நகலை நீட்டினான். கம்ப்யூட்டரில் பெயர் நீக்கக் காரணம் மூன்றுதான் இருக்கிறது, விற்பனை, தானம், இறப்பு, அதில் விவாகரத்து இல்லை என்றாள் சந்தனமேரி. அவனுக்குத் தலை சுற்றியது. யாரும் எதையும் விற்கவில்லை, தானம் கொடுக்கிற நிலையிலும் இல்லை, இரண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறார்கள். இந்த அலைச்சலுக்குப் பேசாமல் சேர்ந்தே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

"நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க. நான் பேசிப் பாக்குறேன்" என்றாள் புவனேஸ்வரி. எட்டு வருடத்தில் அவள் அவனிடம் அத்தனை பதவிசாகப் பேசியதில்லை. குழம்பிப்போய் வெளியே போனான்.

அவன் திரும்பும்போது அவள் ஒரு ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்தபடி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நிலவழகனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. என்ன இருந்தாலும் கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, கவுண்டரில் கையை நீட்டினான்.

"என் ரசீதையும் குடுங்கம்மா."

சந்தனமேரி சங்கடத்தோடு எழுந்து நின்றாள்.

"அதை ஒங்க கையில குடுக்க முடியாதுங்க சார். ஒங்க வாரிசு யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க."