விதை பிஸ்கட்டும் என் கடைவாய்ப்பல்லும்

விதை பிஸ்கட் உடையவில்லை. என் கடைவாய்ப்பல் உடைந்தது.

எல்லாம் டாக்டரால். மைதா கூடாது, பேக்கரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார். என் சாயங்கால டீக்கு ஒரே துணை, பேகம்பூர் முகமது யாசின் கடை உப்பு பிஸ்கட். அதற்கே வேட்டு வைத்துவிட்டார். என் மனைவி அன்றைக்கே செல்போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்துவிட்டாள். ஆளிவிதை, எள், பூசணி விதை. ஊறவைத்து, தட்டி, சுட்டால் பிஸ்கட்டாம்.

"கிளி திங்கிறதை நான் திங்கவா, மேரி?"

"கிளிக்கு சுகர் இல்லைல?"

பேச்சில் ஜெயிக்க முடியாது. திட்டம் போட்டேன். நானே செய்வது. கண்றாவியாகச் செய்வது. வெறுத்துப்போய் யாசின் கடைக்கே என்னை அனுப்பிவிடுவாள்.

காலையில் விதையை ஊறப்போட்டேன். சாயங்காலம் பார்த்தால் பாத்திரத்தில் பாதிதான் இருந்தது. ஊறினால் சுருங்கும் போலிருக்கிறது. நமக்கென்ன? செங்கல் கனத்துக்குத் தட்டினேன். தோசைக்கல்லில் போட்டு அடுப்பை முழுசாக எரியவிட்டேன். உப்பை ஞாபகமாக மறந்தேன்.

வீடெல்லாம் புகை. மேரி இருமிக்கொண்டே வந்தாள்.

"என்னங்க இது, வரட்டியா?"

"பிஸ்கட். தின்னு பாரு."

"இம்புட்டுப் பாடுபட்டது நீங்க. நீங்க மொதல்ல கடிங்க."

"நீ கடி."

"பயமா?"

பயமாம், எனக்கு! கடித்தேன். பல் போச்சு.

"இனிமே கடை பிஸ்கட்டுதான். நான் போறேன்" என்றேன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"மகராசனாப் போயிட்டு வாங்க."

இவ்வளவு லேசாக விட்டாளே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பேகம்பூர் தெருவில் நடந்தேன். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இங்கேதான் வருவோம். அப்போது யாசினுடைய அத்தா கடையில் இருந்தார். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு தாளில் சுற்றித் தருவார். ஓம வாசம் தெருமுனைக்கே வரும். எங்கள் வசதிக்கு ஒரு பிஸ்கட்தான். மேரி அதை உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டுவாள். "எனக்குப் பசிக்கல" என்பாள். நானும் நம்பித் தின்பேன். மடையன்.

"யாசின், உப்பு பிஸ்கட் கால் கிலோ."

"இல்லண்ணே."

"ஜாடியில இருக்கிறது என்னடா?"

"அது மத்தவங்களுக்கு. உங்களுக்கு இது."

ஒரு பொட்டலத்தை நீட்டினான். பிரித்தேன். அப்பளம்போல மெல்லிசு. மேலெல்லாம் எள்ளும் பூசணி விதையும். நல்ல பக்கமாக வைத்துக் கடித்தேன். மொறுமொறுவென்று நொறுங்கியது. அதே ஓம வாசம்.

"உங்க அத்தா கைமணம்டா! எப்படிடா செஞ்ச?"

"சுட்டது மட்டுந்தாண்ணே நான். ஊறுன விதையில பாதிய எடுத்து, ஓமம், உப்பெல்லாம் போட்டு மத்தியானமே அக்கா டிபன் பாக்ஸ்ல கொண்டாந்துட்டாக. 'உங்க அண்ணன் சாயங்காலம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு, இதைக் குடு'ன்னாக."

கோபம் வர வேண்டும். வரவில்லை. ஓமம் கெடுத்துவிட்டது.

வீட்டுக்குப் போனேன். ஒரு பிஸ்கட்டை உடைத்தேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினேன்.

"நீ தின்னு. எனக்குப் பசிக்கல."

"எனக்கும் பசிக்கலைங்க."

நிஜமாகத்தான். சேலை மடிப்பில் எள் ஒட்டியிருந்தது. தன் பங்கை மத்தியானமே சுடச்சுட முடித்துவிட்டிருந்தாள் ஆனந்தமேரி.