ஓரகத்தி மகனுக்கு எண்பத்தாறு

அன்பும் மரியாதையும் கலந்து பிரேமலா அக்காவுக்கு,

ஸ்கூடாயிலிருந்து உன் தங்கை ஷாமளா. மூவாரில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சளி இருமல் அண்டாமல் சௌக்கியமாக இருக்கும்படி வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உனக்குப் பதில் போட இவ்வளவு தாமதமானதற்கு என் சோம்பல் காரணமில்லை. என் கொழுந்தன் மனைவி ஷர்மினிதான் காரணம். வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் என் கைப்பேசியை இவர் எடுத்துப் பார்ப்பார். தம்பி பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கண்ணில் பட்டாலும் சோறு இறங்காது அவருக்கு. அதனால்தான் காகிதம்.

செனாயில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனோம். வந்தவர்களெல்லாம் என் கவிநிலாவையும் ஷர்மினியின் தெர்ஷனையும் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்துத் தள்ளினார்கள். தெர்ஷன் இவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். அதற்குள் உட்காருகிறான், கை தட்டுகிறான், விருந்தில் பாட்டுக்குத் தலையாட்டினான். என் மகள் இன்னும் பாயில் உருண்டுகொண்டிருக்கிறாள். நான் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். வீடு வந்து நாலைந்து நாளில் இரண்டுக்கும் சளி, காய்ச்சல். என் மகளுக்குத்தான் முதலில் வந்தது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மருத்துவமனையில் ஆர்.எஸ்.வி. என்ற கிருமி என்றார்கள். பக்கத்துப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள். சன்னலோரக் கட்டில் யாருக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே பஸீலா என்று ஒரு டாக்டர், தமிழ் முஸ்லிம் பெண், ஆராய்ச்சி செய்கிறார். "கிருமி உள்ள வந்ததும் உடம்புல சில ஜீனு, அதான் மரபணு, முழிச்சிக்கிட்டு வேலை செய்யும், சிலது அடங்கிடும். எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பாத்தா, இந்தப் பிள்ளைக்கு நோய் முத்துமா, லேசா போயிடுமான்னு முன்னாடியே ஓரளவுக்குச் சொல்லலாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார். இரண்டு பேரும் சம்மதித்தோம். ஷர்மினி சம்மதித்தபிறகு நான் எப்படி மறுப்பது?

முடிவு வந்தது. நூற்றுக்குக் கவிநிலா பத்தொன்பது. தெர்ஷன் எண்பத்தாறு. பஸீலா விளக்கிக்கொண்டுதான் இருந்தார். ஷர்மினி அவள் அம்மாவுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள், நான் ஷர்மினியின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெரிய டாக்டர் மத்தியானம் வந்து பேசுவார்" என்று முடித்துவிட்டு பஸீலா போய்விட்டார். அடுத்த நிமிடம் குடும்பக் குழுவில் 'எங்க செல்லம் 86!' என்று பட்டாசுப் படங்களோடு வந்துவிட்டது. என் மாமியார் வெள்ளையம்மா கட்டிலருகே நின்று, "எங்க வீட்டு ரத்தம்லா!" என்றார். இரண்டும் அவருக்குப் பேரப்பிள்ளைகள்தானே, அப்படியானால் பத்தொன்பது யார் வீட்டு ரத்தம் என்று கேட்டேன். நம் வீட்டு ரத்தமாம், அக்கா. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை. நடைகூடத்தில் ஓடிப்போய் பஸீலாவை மறித்தேன். "டாக்டர், இன்னொரு தடவை ரத்தம் எடுங்க லா. அன்னிக்கு அவ சரியா பால் குடிக்கல."

அவர் என்னையே பார்த்தார். "அக்கா, இது பரீட்சை மார்க் இல்ல. கம்மியா இருந்தாத்தான் நல்லது. பாப்பாவுக்கு லேசாத்தான் போகும் போல இருக்கு."

"அப்ப எண்பத்தாறு?"

"மத்த பிள்ளைங்கள பத்தி நான் பேசக்கூடாது" என்றார். அவர் முகம் பேசிவிட்டது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை ஷர்மினி முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஓடினேன். அங்கே அவள் பையை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தெர்ஷன் கலகலவென்று சிரிக்கிறான். கொழுந்தன் மகேஸ்வரன் கார் எடுக்கப் போயிருக்கிறார். எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போடப் போகிறார்களாம். "பாஸாயிட்டான்ல, இனிமே இங்க எதுக்கு?" என்றாள்.

என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை, அவள் பையைப் பிடித்துக்கொண்டேன். "ஷர்மினி, எண்பத்தாறு நல்லதில்லடி. கூடுனா ஆபத்து. டாக்டர் சொன்னாங்க."

"உங்க பிள்ளைக்குக் கம்மின்னதும் கம்மிதான் நல்லதுன்னு ஆயிடுச்சாக்கா?"

"இவளுக்கு வயித்தெரிச்சல், விடு" என்றார் அத்தை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வயிற்றெரிச்சல் இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அதுதான், அக்கா. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. தாதியைத் தேடினால் வேறொரு பிள்ளையிடம் இருக்கிறாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "சரி, போய்ட்டு வா. கூட நம்பர் வாங்குன பிள்ளைக்குத்தான் மூச்சைப் பாத்துக்கிட்டே இருக்கிற மெஷின் கட்டிலாம். நீ போனா அது கவிநிலாவுக்குத்தான். கேட்டு வெச்சிட்டேன்" என்றேன்.

பைக்குள் போன கை நின்றுவிட்டது. "அலமாக்! என் பிள்ளை இடத்துல உங்க பிள்ளையா?" என்று கட்டிலில் அழுத்தி உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய டாக்டர் வந்து பார்த்து, கட்டாயம் இருக்கத்தான் வேண்டும் என்றார். சாயங்காலம் தெர்ஷனின் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போனது. தாதிகள் ஓடி வந்தார்கள், உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். "இந்நேரம் ஸ்கூடாய் ஜாம்ல மாட்டியிருந்தா..." என்று ஆரம்பித்த பெரிய டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இப்போது பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். அத்தை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? "ஷர்மினிக்குத் தாய் மனசு, முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அதான் கிளம்பல." என் பெயர் எங்கேயும் இல்லை. போகட்டும். அவளுடைய பொறாமையைத் தூண்டிவிட்டு அந்தப் பிள்ளையை நான்தான் காப்பாற்றினேன் என்பது உலகத்தில் ஒருவருக்காவது தெரியட்டும் என்றுதான் உனக்கு எழுதினேன். அவளைவிட நான் கெட்டிக்காரி என்று தெரிந்துபோனதால் இனி எனக்கு அவள்மேல் பொறாமையே கிடையாது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசிகள். விருந்துக்கு எங்கேயாவது போனால் யாரையும் முத்தம் கொடுக்க விடாதே.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை,
ஷாமளா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஷர்மினி மீன் குழம்போடு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, "மெஷின் கட்டில்னு ஒன்னும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்கா. பொய் சொல்லும்போது உங்களுக்குக் கை ஆடுது. என் பிள்ளைக்காக நீங்க அப்படிப் பயந்து நான் பாத்ததே இல்ல. அதான் உக்காந்துட்டேன். அத்தைகிட்ட இன்னிக்குத்தான் எல்லாத்தையும் சொன்னேன்" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனாள். குழம்பு வேறு நன்றாக இருக்கிறது. இனி நான் எதில்தான் அவளை மிஞ்சுவது, அக்கா?